ரிப்போர்ட்ல 'நார்மல்'... ஆனா வலி நிஜம்! குடல்வால் நம்மைக் குழப்புவது ஏன்?

நள்ளிரவு ஒரு மணி. தொப்புளைச் சுத்தி லேசா ஆரம்பிச்ச வலி, விடியறதுக்குள்ள வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கிடுச்சு. கூடவே வாந்தி, லேசான காய்ச்சல். திருமங்கலத்துல இருந்து மதுரைக்கு ஓடறீங்க. 'அப்பெண்டிக்ஸ் மாதிரி தெரியுது' என்கிறார் டாக்டர். ஆபரேஷனும் முடிகிறது. சில நாள் கழித்து பயாப்ஸி ரிப்போர்ட் வருகிறது: 'குடல்வாலில் அழற்சி இல்லை, நார்மல்!'

வீட்ல உடனே ரெண்டு கட்சி. 'தேவையில்லாம வெட்டி எடுத்துட்டாங்க' என்பது ஒரு கட்சி. 'காலேஜுக்கு மட்டம் போட நடிச்சிருக்கான்' என்பது இன்னொரு கட்சி. அவசரப்படாதீங்க, ரெண்டுமே தப்பா இருக்கலாம்.

வலி ஏன் தொப்புள்ல ஆரம்பிக்குது?

குடல்வால் என்பது பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சுண்டுவிரல் போலத் தொங்கும் சின்னக் குழாய். அதன் வலியைச் சுமக்கும் நரம்புகளும் தொப்புள் பகுதித் தோலின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன. அதனால் மூளை, 'தொப்புள்ல வலிக்குது' என்று புரிஞ்சுக்குது. அழற்சி வயிற்றின் உள்சுவரை மூடியிருக்கும் உறையைத் தொட்ட பிறகுதான் வலி வலது பக்கம் நகரும். சிறுகுடலின் வலியும் இதே பாதையில்தான் போகிறது. அதனால்தான் இவ்ளோ குழப்பம்!

பார்க்க நல்லாத்தான் இருக்கு... உள்ளே?

சர்ஜன் பார்ப்பது குடல்வாலின் வெளிப்புறத்தை. அழற்சி தொடங்குவதோ உள்பக்கச் சவ்வில். அதனால்தான் வெட்டியெடுத்ததை நோய்க்குறியியல் மருத்துவர் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார். அவரும் முழுக் குடல்வாலையும் பார்ப்பதில்லை. மெல்லிய சில சீவல்களைத்தான் பார்க்கிறார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் அழற்சி இருந்தால், அது தப்பிப் போகலாம்.

1996-ல் டப்ளினில் பிரேம் புரி உள்ளிட்ட மருத்துவர்கள் இன்னும் ஆழமாகத் தேடினார்கள். மைக்ரோஸ்கோப்பில் 'நார்மல்' எனத் தெரிந்த குடல்வால்கள் சிலவற்றில், அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் உருவாகும் தடயம் கிடைத்தது. 'லான்செட்' மருத்துவ இதழில் அந்த முடிவு வெளியானது.

நரம்பே வில்லனா?

1999-ல் அதே இதழில் இன்னொரு ஆய்வு. வலியோடு வந்து, ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தவர்களின் குடல்வாலில், 'சப்ஸ்டன்ஸ் பி' போன்ற நரம்புத் தூதுப் பொருள்கள் அதிகமாக இருந்தன. வலிச் செய்தியைக் கடத்துவதில் இதற்குப் பங்கு உண்டு. இந்த நிலைக்கு 'நியூரோ இம்யூன் அப்பெண்டிசைட்டிஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆனா, இது இறுதித் தீர்ப்பு இல்லை. வலியே இல்லாதவர்களின் குடல்வாலிலும் நரம்புகள் அதிகமாக வளர்ந்திருப்பது உண்டு.

இன்னொரு காரணம், அடைப்பு. இறுகிய மலக்கட்டியோ, கீரிப்பூச்சியோ உள்ளே மாட்டிக்கொண்டால், அதைத் தள்ள குழாய் சுருங்கிச் சுருங்கி வலிக்கும். அப்போ அழற்சி இருக்கணும்னு அவசியமில்லை.

குற்றவாளி வேற ஆளா இருந்தா?

பல நேரம் குடல்வால் நிஜமாவே நிரபராதி. குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சலுக்குப் பிறகு குடலை ஒட்டிய நெறிகள் வீங்கி இதே வலியைத் தரும். சிறுநீரகக் கல், டைபாய்டு, குடல் காசநோய் எல்லாமே இதே இடத்தில் வலிக்கலாம். பெண்களுக்குக் கருமுட்டை வெளியாகும் நாளில் வலி வரலாம்; சினைப்பைக் கட்டி முறுக்கிக்கொள்ளலாம்; கரு, குழாயிலேயே தங்கிவிடலாம். கடைசி ரெண்டும் அவசர நிலை. அதனால் டாக்டரிடம் கடைசி மாதவிடாய்த் தேதியை மறைக்காமச் சொல்லுங்க, பக்கத்துல அம்மா இருந்தாலும்!

நீங்க செய்ய வேண்டியது

* வலி வலது பக்கம் நகர்ந்தா, நடந்தா, இருமினா கூடினா, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தா, காத்திருக்காதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ, மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ உடனே போங்க. வண்டி இல்லைன்னா 108 இருக்கு.

* 'குடலேத்தம்'னு வயித்தை நீவி விடறது, விளக்கெண்ணெய் குடிக்கிறது, கேஸ் மாத்திரை போட்டுப் படுத்துக்கிறது வேண்டவே வேண்டாம். குடல்வால் வெடிச்சா உயிருக்கே ஆபத்து.

* ஆபரேஷனுக்கு முன், 'ஸ்கேன்ல என்ன தெரிஞ்சது, வேற காரணம் இருக்குமா?' என்று கேளுங்க. உங்க உரிமை அது.

* தையல் பிரிச்சதும் பயாப்ஸி ரிப்போர்ட்டை மறந்துடாதீங்க. எதிர்பாராத சிறு கட்டிகள்கூட சில நேரம் அதில்தான் தெரியவரும்.

ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றிருந்தால், தேடியது அங்கே கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம். வலி பொய்னு அர்த்தம் இல்லை. மறுபடி வலி வந்தா, 'அதான் எடுத்தாச்சே' என்று சும்மா இருக்காம, அந்த ரிப்போர்ட்டையும் கையில எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க.