வைரல் பிரச்சாரங்கள்: ஆதரிப்பதா, சந்தேகிப்பதா?

சங்ககிரி வட்டாரத்தில் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். வீட்டு ஆண்கள் லோடு ஏற்றிக்கொண்டு வடமாநிலங்களுக்குப் போய்விட்டால், திரும்பி வரும்வரை குடும்பத்தை இணைத்து வைப்பது செல்போன்தான். அதே போனில், சொந்தக்காரர்கள் குழு, ஜமாஅத் குழு, டிரைவர்கள் குழு என்று பல வழிகளில் வேண்டுகோள்களும் வந்துகொண்டே இருக்கின்றன. ‘இந்தக் குழந்தையைக் காப்பாற்றுங்கள்’, ‘இந்தச் சட்டத்தை எதிர்த்து மெயில் அனுப்புங்கள்’, ‘இந்தக் கும்பலிடம் உஷார், எல்லோருக்கும் பகிருங்கள்’.

நம்மில் சிலர் வந்ததையெல்லாம் படிக்காமலே அனுப்பிவிடுகிறோம். வேறு சிலர், எல்லாமே ஏமாற்று என்று ஒதுக்கிவிடுகிறோம். இரண்டாலும் மனிதர்கள் பாதிக்கப்படுகிறார்கள்.

மார்க்கம் இரண்டையும் கேட்கிறது

ஏழைக்கு உணவளிக்காததை மட்டும் குர்ஆன் கண்டிக்கவில்லை. உணவளிக்கும்படி மற்றவர்களைத் தூண்டாமல் இருப்பதையும் கண்டிக்கிறது (107:3, 89:18). அப்படியானால், உண்மையான தேவை ஒன்றைப் பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்வதே ஒரு நற்செயல். நன்மைக்கு வழிகாட்டுபவருக்கு அதைச் செய்தவரைப் போன்ற கூலி உண்டு என்ற கருத்தில் நபிமொழியும் உள்ளது (முஸ்லிம்).

அதே குர்ஆன், தீயவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேரிடும் என்று அதற்கான காரணத்தையும் சொல்கிறது (49:6). கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (முஸ்லிம்). ஆக, விசாரிப்பது உதவியைத் தட்டிக்கழிக்கும் வழியல்ல. உதவிக்கான முதல் படியே அதுதான்.

விசாரிக்காததால் போன உயிர்

2018ஆம் ஆண்டு, குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய எச்சரிக்கைகள் நம் நினைவில் இருக்கும். அந்த மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோயிலுக்கு வந்த முதிய பெண் ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார்.

அந்த நாட்களில் இந்தியா முழுவதும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்டது. பைக்கில் வருபவர்கள் குழந்தையைத் தூக்கிச் செல்வதும், உடனே திரும்பி வந்து இறக்கிவிட்டு ஒரு வாசகத்தைக் காட்டுவதும்தான் முழுப் படம். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். நல்ல நோக்கத்தில் எடுத்த பிரச்சாரப் படமே வதந்தியாக மாறியது. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அதை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள் மீதுள்ள அக்கறையில்தான் அனுப்பியிருப்பார்கள். ஆனால் மொழி தெரியாத ஊரில், சாலையோரம் வண்டியை நிறுத்தி வழி கேட்கும் அந்நியர் நம் வீட்டு டிரைவராகவும் இருக்கலாம்.

2020இல் இந்த வலியை நம் சமுதாயமே அனுபவித்தது. கொரோனாவைப் பரப்பியவர்கள் என்று தப்லீக் ஜமாஅத்தினர் மீது ஹேஷ்டேக் பிரச்சாரம் நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்த மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தைப் பதிவு செய்தது 2020 ஆகஸ்ட் 21 அன்று. அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. நமக்கு நடந்தபோது அநீதி என்று உணர்ந்ததை, பிறரைப் பற்றி வரும் செய்தியிலும் நாம் உணர வேண்டும்.

ஒதுக்கிவிட்டிருந்தால் கிடைத்திருக்காத மருந்து

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021இல் நம் பக்கத்து நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு, முதுகுத்தண்டுவடத் தசைச் சிதைவு நோய் (எஸ்.எம்.ஏ.) இருந்தது. அதற்கான ஸோல்கென்ஸ்மா ஊசி மருந்தின் விலை சுமார் 16 கோடி ரூபாய். எந்த நடுத்தரக் குடும்பமும் கனவிலும் காணாத தொகை. சமூக ஊடகங்கள் வழியாக வேண்டுகோள் பரவியது. முன்பின் அறியாத மக்கள் கொடுத்த பணத்தில் அந்தத் தொகை சேர்ந்தது. சுமார் 6 கோடி ரூபாய் இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது.

நோயின் பெயர், மருந்தின் பெயர், விலை எல்லாம் வெளிப்படையாக இருந்த வேண்டுகோள் அது. விசாரித்தவர்களுக்கு விடை கிடைத்தது. அன்று எல்லோரும் ‘இதுவும் மோசடியாக இருக்கும்’ என்று கடந்து போயிருந்தால் அந்த மருந்து வந்திருக்காது.

அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் தேதி. சிகிச்சை முடிந்த பிறகும், நோயாளி இறந்த பிறகும்கூட பழைய வேண்டுகோள்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கைகள் மாறி வந்தது என்று பொருள். அனுப்பியவர் நமக்கு வேண்டியவர் என்பது செய்திக்குச் சான்றாகாது.

இரண்டாவது, பணம் யார் கணக்குக்குப் போகிறது? மருத்துவமனையின் எண்ணை நாமே தேடி எடுத்து அழைக்க வேண்டும். செய்தியில் உள்ள எண்ணை அழைத்தால் செய்தியை உருவாக்கியவரே பேசலாம்.

மூன்றாவது, நோயாளி வசிக்கும் ஊரின் ஜமாஅத்தை விசாரிக்கலாம். ஜகாத் பணமாக இருந்தால் இது மிக அவசியம். பெறுபவர் 9:60 வசனம் சொல்லும் எட்டுப் பிரிவினரில் அடங்குகிறாரா என்று பார்ப்பது கொடுப்பவரின் பொறுப்பு.

நான்காவது, அரசு உதவி கேட்கப்பட்டதா? தகுதியுள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அதற்கு விண்ணப்பிக்க உடன் செல்வது, நூறு ஃபார்வர்டுகளைவிடப் பெரிய உதவி.

பட்டனை அழுத்திய பிறகு

உண்மை என்று உறுதியான பிரச்சாரத்திலும் நம் கடமை ஒரு கிளிக்கோடு முடிவதில்லை. வக்ஃபு திருத்த மசோதா 2024 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குச் சென்றது. குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்டபோது, அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம் கியூஆர் கோடு மூலம் மின்னஞ்சல் அனுப்பும்படி அழைத்தது. மசோதாவை ஆதரித்தும் அழைப்புகள் வந்தன. குழுவுக்கு ஏராளமான மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. ஆனாலும் 2025 ஏப்ரலில் மசோதா நிறைவேறிச் சட்டமானது.

அப்படியானால் அந்த முயற்சி வீணா? இல்லை. வக்ஃபு என்றால் என்ன என்ற பேச்சை அது வீடுகளுக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஓரளவு நிவாரணம் கிடைத்தது நீதிமன்றத்தில். வக்ஃபு செய்பவர் 5 ஆண்டுகள் இஸ்லாத்தைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், ஆட்சியருக்கு அளிக்கப்பட்ட சில அதிகாரங்களையும் 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தி வைத்தது. பிரிவு பிரிவாகப் படித்து வாதாடியவர்களின் உழைப்பு அது.

சொத்துகளைப் பதிவு செய்யும் கடமையை நீதிமன்றம் நிறுத்தவில்லை. கியூஆர் கோடை ஸ்கேன் செய்த நம்மில் எத்தனை பேர், நம் பள்ளிவாசலுக்கும் கபரஸ்தானுக்கும் உரிய பத்திரம், பட்டா, சர்வே எண், வக்ஃபு வாரியப் பதிவு எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று முத்தவல்லியிடம் கேட்டிருக்கிறோம்? பிரச்சாரத்துக்கு நாம் தரும் மெய்யான ஆதரவு அந்தக் கேள்விதான்.

எனவே, சந்தேகம் செய்தியின் மீது இருக்கட்டும். தேவையுள்ள மனிதர் மீது வேண்டாம். விசாரிப்போம். உண்மையென்றால் பொருளாலும் உடலாலும் உடன் நிற்போம், முடிவு தெரியும்வரை தொடர்வோம். பொய்யென்றால் நம் போனோடு அதை நிறுத்துவோம். அதற்கான தெளிவையும் பொறுமையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.