இராஞ்சித் திடலும் ஆசிய மகளிர் ஹாக்கியும்

தொழில் நிமித்தமாகத் தாயகம் விட்டு வந்து, சோட்டா நாகபுரிப் பீடபூமியின் இந்நகரில் குடியேறிய நம்மவர்க்கு இராஞ்சி என்றதும் ஆலைகளும் அருவிகளுமே நினைவில் எழும். ஆயின், இந்நிலத்திற்குப் பிறிதொரு பெருமையும் உண்டு. ஹாக்கி எனும் வளைகோற் பந்தாட்டத்தில் ஆசிய நாட்டு மகளிர் வந்து பொருத களங்களுள் இதுவும் ஒன்று. அவ்வரலாற்றை நம் குடும்பத்தார் அறிதல் நன்று.

ஆசிய விளையாட்டு விழாவில் மகளிர் ஹாக்கி முதன்முதலாக இடம்பெற்றது 1982-ஆம் ஆண்டு புதுடில்லியில் ஆகும். அம்முறை பொற்பதக்கம் பெற்றவர் இந்திய மகளிரே. பின்னர் 1985-இல் சியோல் நகரில் மகளிர்க்கென ஆசியக் கோப்பைப் போட்டி தொடங்கிற்று. தென் கொரியாவே முதற் கோப்பையைக் கைக்கொண்டது. இந்தியா அதனைப் பெற 2004 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டு புதுடில்லியில் ஜப்பானை 1–0 என வென்றது; மீண்டும் 2017-இல், ஜப்பான் மண்ணிலேயே சீனாவை வென்று வாகை சூடியது.

சாம்பியன்ஸ் கோப்பை எனும் மற்றொரு ஆசியப் போட்டி 2010-இல் தென் கொரியாவின் பூசான் நகரில் பிறந்தது. இந்தியா அதனை முதலில் வென்றது 2016-இல், சிங்கப்பூரில். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆடவர்க்கான இக்கோப்பைப் போட்டி நம் சென்னையில் நடைபெற்றது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் மகளிர் போட்டி இராஞ்சிக்கு வந்தது. நம் பிறந்தகமும் புகுந்தகமும் ஓராண்டில் ஒரே சிறப்பைப் பெற்றன எனலாம்.

போட்டி நிகழ்ந்த அரங்கம் ஜெய்பால் சிங் முண்டாவின் பெயர் தாங்கியது. குந்தி வட்டாரத்துச் சிற்றூரில் முண்டாக் குடியிற் பிறந்து, ஆக்ஸ்போர்டிற் பயின்று, 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் அவர். பின்னர் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களுக்காகக் குரல் கொடுத்தவர். "பெருந்தலைவர்" எனும் பொருள்பட "மரங் கோம்கே" என இம்மக்கள் அவரைப் போற்றுவர்.

பாதிரிமார் நடத்திய பள்ளிகளின் வழியே இப்பக்கத்துக் கிராமங்களில் இவ்வாட்டம் வேரூன்றிற்று. மூங்கிற் கழியை வளைத்துக் கோலாக்கி ஆடுவர். வென்ற அணிக்கு வெள்ளாட்டுக் கிடாயைப் பரிசாக அளிப்பர். சிம்டேகா மாவட்டத்துச் சலீமா டேடேயும் சங்கீதா குமாரியும், 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடிய குந்தி மாவட்டத்து நிக்கி பிரதானும் இத்தகைய எளிய மண்ணிலிருந்து எழுந்தவர்களே.

2023 நவம்பர் 5 அன்று நிகழ்ந்த இறுதியாட்டத்தில் இந்தியா ஜப்பானை 4–0 என வென்றது. சங்கீதா, நேஹா, லால்ரெம்சியாமி, வந்தனா கட்டாரியா ஆகியோர் ஆளுக்கொரு கோல் அடித்தனர். முதற் கோலை அடித்தவர் இம்மண்ணின் மகளான சங்கீதா.

வரலாறு வெற்றியோடு நின்றுவிடுவதில்லை. 75 நாட்கள் கழிந்தன. 2024 ஜனவரி 19 அன்று, அதே திடலில், அதே ஜப்பானிடம் இந்தியா 0–1 எனத் தோற்றது. பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறும் கடைசி வாய்ப்பு அவ்வாட்டம். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற அணிக்குப் பாரிஸின் வாயில் அடைபட்டது. ஒரு கோல் பல்லாண்டு உழைப்பைப் பறித்தது.

எனினும், அவர்கள் கோலைக் கீழே வைத்துவிடவில்லை. சலீமா டேடே அணித் தலைவியானார். அவ்வாண்டே நவம்பர் 20 அன்று, அண்டை மாநிலமாகிய பீகாரின் இராஜ்கிரில், பாரிஸில் வெள்ளிப் பதக்கம் பெற்ற சீனாவை 1–0 என வென்று, சாம்பியன்ஸ் கோப்பையை மூன்றாம் முறையாக இந்தியா பெற்றது. தீபிகா அடித்த ஒரே கோல் அது. முன்னர் ஒரு கோலால் இழந்தவர்கள், இப்போது ஒரு கோலால் வென்றனர்.

வென்ற நாளை மட்டும் நினைவிற் கொள்வது வரலாறாகாது. தோற்ற நாளின் பின் செய்த உழைப்பையும் சேர்த்தெண்ணுவதே வரலாறு. நம் குடியிருப்பிலும் பெண்மக்கள் வளர்கின்றனர். தேர்வில் ஒரு மதிப்பெண் குறையின் மனம் தளர்வோரும், அவர்களினும் மிகுதியாய்த் தளரும் பெற்றோரும் நம்மிடையே உண்டு. அவர்களை ஒரு மாலை அத்திடலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கு நிகழ்ந்த இரண்டு ஆட்டங்களையும் எடுத்துக் கூறுங்கள். நமக்கு வாழ்வளித்த இம்மண், நம் மக்களுக்கு நல்லதோர் பாடத்தையும் வைத்திருக்கிறது.