வசனம் கேக்கல, 'டம் டம்' மட்டும் கேக்குதா? சப்வூஃபரை சரியா செட் செய்வது எப்படி?

அய்யலூரில் வியாழக்கிழமைதான் ஆட்டுச்சந்தை. விடியற்காலையில் சந்தைக்குக் கிளம்ப வேண்டியவர் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ராத்திரி 11 மணிக்கு ஹோம் தியேட்டரில் சண்டைக்காட்சி ஓடினால் என்ன ஆகும்? வசனம் புரியலைன்னு வால்யூமைக் கூட்டுவோம். கூடவே இடியும் கூடும். திட்டு வாங்குவது சப்வூஃபர். ஆனால் பல வீடுகளில் தப்பு இருப்பது ஏவி ரிசீவரின் மெனுவில்தான்.

ஸ்மாலா, லார்ஜா?

இது ஸ்பீக்கர் பெட்டியின் சைஸ் இல்லை. 'ஸ்மால்' என்றால், இந்த ஸ்பீக்கருக்கு பேஸ் அனுப்பாதே, அதை சப்வூஃபருக்குத் திருப்பு என்று அர்த்தம். 'லார்ஜ்' வைத்தால் முழு பேஸும் அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கே போகும். சத்தம் கூடும்போது கரகரக்கும், காயில் கருகவும் வாய்ப்புண்டு. டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களும் ஸ்மால் வைப்பதே நல்லது.

எந்த இடத்தில் பிரிப்பது என்பதுதான் கிராஸ்ஓவர். 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்க. உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் என்றால் 120 வரை போகலாம். அதற்கும் மேலே ஏற்றினால் ஹீரோவின் குரலே மூலையில் இருக்கும் சப்வூஃபரிலிருந்து வருவது போலத் தோணும்.

5.1-ல் அந்த '.1' எது?

படத்திலேயே தனியாகப் பதிவு செய்த பேஸ் சேனல், எல்எஃப்இ. இது 120 ஹெர்ட்ஸ் வரை போகும். அதனால் 'எல்பிஎஃப் ஃபார் எல்எஃப்இ' என்ற செட்டிங்கை 120-லேயே விடுங்க. 'எல்எஃப்இ + மெயின்' வேண்டாம், ஒரே பேஸ் இரண்டு இடத்திலிருந்து வந்து குழப்பும். சப்வூஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகை முழுசா திருப்பி வைங்க. இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டு முறை வடிகட்டப்படும்.

10-க்கு 10 அறை

உண்மையான வில்லன் இதுதான். ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். 10 அடி இடைவெளியில் 56 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குச் சுவர் மோதி வீங்கும். உயரமும் 10 அடி என்றால் மூன்று திசையிலும் அதே 56. சுவரை ஒட்டி உட்கார்ந்தவருக்கு மண்டை அதிரும், நடுவில் இருப்பவருக்கு அந்த பேஸே கேக்காது. இதை எந்தத் திருகாலும் முழுசா சரி செய்ய முடியாது.

ஒரு வழி இருக்கு. நீங்க உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, தரையோடு தவழ்ந்து சுற்றி வாங்க. வீட்டில் சிரிப்பாங்க, பரவாயில்லை. பேஸ் சீராகக் கேட்கும் இடத்தில் பெட்டியை வைங்க. அதன் பிறகே மைக் வைத்து ஆட்டோ செட்டப் ஓட்டணும்.

ராத்திரி என்ன செய்வது?

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதியில் அளவு 45 டெசிபல். ஆனால் அந்த அளவீட்டு முறை பேஸைக் குறைவாகவே கணக்கிடும். மீட்டரில் பாஸ் ஆனாலும் பக்கத்து வீட்டுச் சுவர் அதிரலாம். அதனால் நைட் மோடை ஆன் செய்து, சப்வூஃபர் லெவலை 5 டெசிபல் இறக்கி, சென்டர் ஸ்பீக்கரை 2, 3 டெசிபல் ஏற்றுங்க. வால்யூமைத் தொடாமலே வசனம் தெளிவாகக் கேக்கும்.