விழித்தடமறிதல்

விழித்தடமறிதல் என்பது ஒருவர் ஒவ்வொரு கணமும் எங்கே பார்க்கிறார், அவருடைய பார்வை எந்த வழியாக நகர்கிறது என்பதைக் கருவிகொண்டு அளக்கும் நுட்பம். இதில் இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன. விழி எவ்வளவு சுழன்றது என்று அளப்பது முதலாவது. அந்தச் சுழற்சியோடு தலையின் நிலையையும் சேர்த்து, பார்வைக்கோடு வெளியே எந்தப் பொருளைத் தொடுகிறது என்று கணக்கிடுவது இரண்டாவது. இந்த இரண்டாவது வேலைக்குப் பார்வைத்திசைக் கணிப்பு என்று பெயர். வாசிப்பு ஆராய்ச்சிக்காகப் பிறந்த இந்த நுட்பம் இன்று மருத்துவம், வாகனப் பாதுகாப்பு, விளையாட்டு, கணினி இயக்கம் எனப் பல துறைகளில் பயன்படுகிறது.

கண் நகரும் விதம்

கண்ணுக்கு முன்னால் இருப்பதெல்லாம் ஒரே தெளிவோடு தெரிவதில்லை. விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்ற சிறு குழிவு உள்ளது. நுணுக்கமான விவரங்களைக் காட்டும் கூம்புச் செல்கள் அங்கேதான் மிக நெருக்கமாக அமைந்துள்ளன. அதனால் தெளிவாகத் தெரியும் பரப்பு ஏறத்தாழ 2 பாகை மட்டுமே. கையை முழுதாக நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. அதைத் தாண்டியதும் தெளிவு விரைவாகக் குறைகிறது. ஆகவே ஒன்றை நுணுகிப் பார்க்க வேண்டுமானால் கண்ணை அதன்மேல் திருப்பியே ஆகவேண்டும். விழித்தடமறிதல் முழுவதும் இந்தக் கட்டாயத்தின்மேல்தான் நிற்கிறது.

ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் திருப்புகின்றன. பார்வை ஓரிடத்தில் தங்குவது நிலைப்பு. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சட்டென்று பாய்வது தாவல். தாவல் ஒன்று சில பத்து மில்லிவிநாடிகளில் முடிந்துவிடும். பெரிய தாவல்களின் வேகம் விநாடிக்கு 500 பாகையையும் கடக்கும். தாவும் வேளையில் மூளை பார்வையை அடக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணையும் மறு கண்ணையும் மாறிமாறிப் பார்த்தால் நம் கண் நகர்வது நமக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

இவை தவிர, நகரும் பொருளை வழுக்கிச் செல்வதுபோலத் தொடரும் அசைவும், அருகிலுள்ளதைப் பார்க்க இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும் குவிவும், தலை அசையும்போது எதிர்த்திசையில் சுழன்று காட்சியை நிலைநிறுத்தும் ஈடுசெய் அசைவும் உண்டு. நிலைப்பின்போதுகூட விழி முழுமையாக அசையாமல் இருப்பதில்லை; நுண்தாவல், மெல்லிய நகர்வு, நடுக்கம் ஆகியவை இடைவிடாமல் நடக்கின்றன.

வரலாறு

பாரிஸில் கண் மருத்துவராக இருந்த லூயி எமில் ஜவாலின் ஆய்வகத்தில், 1870களின் இறுதியில் வாசிப்போரின் கண்கள் கவனிக்கப்பட்டன. வரியின்மீது பார்வை சீராக ஓடுகிறது என்று அதுவரை கருதப்பட்டது. உண்மையில் அது தாவித் தாவி, இடையிடையே நின்று செல்கிறது என்பது அப்போது தெரியவந்தது.

அடுத்த தலைமுறை இதைக் கருவியால் பதிய முயன்றது. அமெரிக்க உளவியலாளர் எட்மண்ட் ஹியூயி, நடுவில் துளையிட்ட சிறு பாரிஸ் சாந்துக் கிண்ணத்தைக் கண்ணின்மேல் பொருத்தி, அதனோடு இணைத்த மெல்லிய அலுமினிய முள்ளால் அசைவை வரையச் செய்தார். கண்ணை மரத்துப்போகச் செய்யாமல் இது நடக்காது. 1901இல் ரேமண்ட் டாட்ஜும் தாமஸ் கிளைனும் கண்ணைத் தொடாமலே அளக்க வழி கண்டனர். கண்ணின் முன்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிரை, கீழிறங்கும் ஒளிப்படத் தகட்டில் அவர்கள் பதிவு செய்தார்கள். கிடைமட்ட அசைவு மட்டுமே அதில் பதிந்தது. ஆனாலும் இன்றைய கருவிகளின் அடிப்படைத் தத்துவம் அன்றே வந்துவிட்டது.

சிகாகோவின் கை பஸ்வெல் 1935இல் வெளியிட்ட நூலில், மக்கள் ஓவியங்களைப் பார்க்கும் விதத்தை விரிவாக அளந்து காட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், விமானம் தரையிறங்கும்போது விமானி எந்தெந்தக் கருவிகளைப் பார்க்கிறார் என்று பால் ஃபிட்ஸும் குழுவினரும் திரைப்படக் கேமராவால் பதிவு செய்தனர்.

சோவியத் அறிஞர் ஆல்ஃபிரட் யார்பஸ் செய்த சோதனை இத்துறையில் மிகவும் பேசப்படுவது. உறிஞ்சிப் பிடிக்கும் சிறு மூடியைக் கண்ணில் பொருத்தி, இலியா ரெப்பின் வரைந்த ஓவியம் ஒன்றை ஒரே மனிதருக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். நாடுகடத்தப்பட்ட ஒருவர் எதிர்பாராமல் வீடு திரும்பும் காட்சி அது. படத்தில் இருப்பவர்களின் வயதைக் கணிக்கச் சொன்னபோது பார்வை முகங்களையே சுற்றியது. குடும்பத்தின் வசதியை மதிப்பிடச் சொன்னபோது உடைகளுக்கும் அறையிலிருந்த பொருள்களுக்கும் போனது. படம் மாறவில்லை, கேள்விதான் மாறியது. பார்வையின் பாதையைக் காட்சி மட்டும் வகுப்பதில்லை, பார்ப்பவரின் நோக்கமும் வகுக்கிறது என்பதை இது கண்கூடாக்கியது. யார்பஸின் நூல் ரஷ்ய மொழியில் 1965இலும் ஆங்கிலத்தில் 1967இலும் வெளிவந்தது.

1975இல் ஜார்ஜ் மக்காங்கியும் கீத் ரெய்னரும் வாசிப்பவரின் கண் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் எழுத்துகளைக் காட்டி, மற்றவற்றைக் கணினியால் மறைத்தனர். ஆங்கிலம் வாசிப்பவர் பார்வைப் புள்ளிக்கு இடப்புறம் 3, 4 எழுத்துகளையும் வலப்புறம் 14, 15 எழுத்துகளையும் மட்டுமே பயன்படுத்துகிறார் என்பது இவ்வகைச் சோதனைகளால் தெளிவானது. வலமிருந்து இடமாக எழுதப்படும் எபிரேயத்தில் இந்தச் சாய்வு தலைகீழாகிறது.

அளக்கும் முறைகள்

கம்பிச்சுருள் முறை: 1963இல் டேவிட் ராபின்சன் அறிமுகப்படுத்தியது. நுண்ணிய கம்பிச்சுருள் பதித்த லென்ஸ் அல்லது சிலிக்கோன் வளையம் கண்ணில் அணிவிக்கப்படும். சுற்றிலும் மாறுகின்ற காந்தப்புலம் இருக்கும். விழி திரும்பும் கோணத்துக்கேற்பச் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். மிகத் துல்லியமானது, ஆனால் கண்ணுக்கு வேதனை தருவதால் ஆய்வகத்தோடு நின்றுவிட்டது.

மின்முறை: கண்ணின் முன்புறத்துக்கும் விழித்திரைக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு நிலையாக உண்டு. கண்ணைச் சுற்றித் தோலில் ஒட்டும் மின்முனைகள், விழி திரும்பும்போது அந்த வேறுபாடு மாறுவதைப் பதியும். துல்லியம் குறைவுதான். ஆனால் மூடிய கண்ணையும் இது அளக்கும். உறக்கத்தில் கண்கள் விரைந்து அசையும் கட்டம் ஒன்று இருப்பதை யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் இம்முறையால்தான் கண்டு 1953இல் அறிவித்தார்கள்.

வீடியோ முறை: இன்று பெரும்பாலான கருவிகள் இவ்வகை. அகச்சிவப்பு விளக்கு ஒன்று முகத்தில் ஒளி பாய்ச்ச, கேமரா கண்ணைப் படம்பிடிக்கிறது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாததால் பார்ப்பவரின் கவனம் கலைவதில்லை. அடர்பழுப்பு ஐரிஸின் நடுவே கண்மணியைச் சாதாரண வெளிச்சத்தில் பிரித்தறிவது கடினம். அகச்சிவப்பில் ஐரிஸ் வெளிறித் தெரிய, கண்மணி கருவட்டமாகத் தனித்து நிற்கும். விளக்கைக் கேமராவின் அச்சிலேயே வைத்தால், ஒளி விழித்திரையில் பட்டுத் திரும்பி, கண்மணி பளிச்சென்று வெண்வட்டமாகத் தெரியும்.

கண்மணிக்குத் தமிழில் பாவை என்றும் பெயர். எதிரே நிற்பவரின் உருவம் குட்டிப் பாவையாக அங்கே தெரிவதே இதற்குக் காரணம் என்பர். லத்தீன் மொழியிலும் கண்மணியின் பெயர் சிறு பாவையையே குறிக்கிறது. அந்த உருவம் உண்மையில் கண்மணிக்குள் இல்லை. கண்ணின் முன்பரப்பான கார்னியா குவி ஆடியாக நின்று திருப்பித் தரும் பிம்பம் அது. செக் அறிஞர் யான் புர்கினியேவின் பெயரால் ஒளியியல் இதை முதலாம் புர்கினியே பிம்பம் என்கிறது. விழித்தடக் கருவி தேடுவதும் இதையே. எதிரே மனிதருக்குப் பதில் விளக்கு இருப்பதால் பாவைக்குப் பதில் ஒளிப்பொட்டு தெரிகிறது. தலை சற்று நகர்ந்தால் ஒளிப்பொட்டும் கண்மணியும் ஏறக்குறைய ஒன்றாக நகரும். விழி திரும்பினாலோ, கண்மணி அதிகமாகவும் ஒளிப்பொட்டு குறைவாகவும் நகரும். ஆகவே இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவும் திசையும் விழியின் சுழற்சியைத் தருகின்றன.

டாம் கார்ன்ஸ்வீட்டும் ஹ்யூவிட் கிரேனும் 1973இல் உருவாக்கிய கருவி, கார்னியாவின் பிம்பத்தோடு கண்வில்லையின் பின்புறம் தரும் மங்கலான நான்காம் பிம்பத்தையும் சேர்த்துத் தொடர்ந்தது. அதன் துல்லியம் பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு எட்டியது. தலையைத்தான் அசையாமல் பிடித்துவைக்க வேண்டியிருந்தது.

பார்வைத்திசையைக் கணித்தல்

படத்தில் கண்மணி இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் மட்டும் பார்வை போகும் இடம் தெரிந்துவிடாது. அந்த இடத்தைக் கணிக்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது பொருத்துமுறை. திரையில் தெரிந்த சில புள்ளிகளை, வழக்கமாக 9 புள்ளிகளை, பார்க்கச் சொல்லி, அந்தந்த வேளையில் கிடைத்த அளவுகளுக்கும் திரைப் புள்ளிகளுக்கும் இடையே ஒரு சமன்பாட்டைப் பொருத்துவார்கள். எளியது, ஆனால் தலை இடம்மாறினால் பிழை கூடும்.

இரண்டாவது கண்ணின் வடிவமாதிரியை வைத்துக் கணக்கிடுவது. கார்னியாவை ஏறத்தாழ 7.8 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளமாகக் கொண்டு, ஒளிப்பொட்டுகளிலிருந்து அதன் மையத்தையும் கண்மணியின் மையத்தையும் முப்பரிமாணத்தில் கண்டுபிடிப்பார்கள். இரண்டையும் இணைக்கும் கோடு கண்ணின் ஒளியச்சு. ஆனால் நாம் பார்ப்பது அந்த அச்சின் வழியாக அல்ல. ஃபோவியா சற்று விலகி அமைந்திருப்பதால், பார்வைக்கோடு ஒளியச்சிலிருந்து ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வு ஆளுக்கு ஆள் மாறுபடும். அதை வெளியிலிருந்து கேமராவால் காண முடியாது. அதனால்தான் கருவியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் முதலில் சில புள்ளிகளைப் பார்த்து அளவுத்திருத்தம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு கேமராவும் இரண்டு விளக்குகளும் இருந்தால், தலை அசைந்தாலும் பார்வையைக் கணிக்கலாம் என்பதை எலியாஸ் கெஸ்ட்ரினும் மோஷே ஐசன்மனும் 2006இல் கணக்காக நிறுவினர்.

மூன்றாவது தோற்றத்தைக் கற்கும் முறை. தனி விளக்கு வேண்டாம். மடிக்கணினி அல்லது கைபேசிக் கேமரா எடுக்கும் முகப்படத்திலிருந்தே நரம்பியல் வலையமைப்பு திசையைக் கணிக்கும். இதற்குப் பெருந்தொகையான படங்கள் வேண்டும். 2016இல் வெளியான கேஸ்கேப்ச்சர் தொகுப்பில் 1,450க்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 25 லட்சம் படங்கள் இருந்தன. அதில் பயின்ற வலையமைப்பு, அளவுத்திருத்தம் இல்லாமலே கைபேசியில் 2 சென்டிமீட்டருக்குக் குறைவான சராசரிப் பிழையோடு பார்வைப் புள்ளியைச் சொன்னது.

துல்லியமும் தரவும்

கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளியுள்ள திரையில் 1 பாகை என்பது ஏறத்தாழ 1 சென்டிமீட்டர். நல்ல அகச்சிவப்புக் கருவியின் பிழை அரைப் பாகையை ஒட்டியிருக்கும். ஒரு சொல்லைப் பார்த்தாரா என்று அறிய இது போதும். எந்த எழுத்தைப் பார்த்தார் என்று உறுதியாகச் சொல்லப் போதாது. மூக்குக்கண்ணாடியின் பளபளப்பு, தாழ்ந்த இமை, கண்மை, வெயிலில் உள்ள அகச்சிவப்பு ஆகியவை அளவைக் கெடுக்கும். பதிவு வேகமும் முக்கியம். விநாடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவுக்கு 30 மில்லிவிநாடித் தாவல் இரண்டே படங்களில் முடிந்துபோகும். தாவலையே ஆராய்வோர் 1,000 படம் எடுக்கும் கருவியை நாடுவர்.

கிடைத்த புள்ளிகளை வேகத்தின் அல்லது நெருக்கத்தின் அடிப்படையில் நிலைப்புகளாகவும் தாவல்களாகவும் பிரிப்பார்கள். பலரின் நிலைப்புகளை வண்ணப்படமாகவோ, ஒருவரின் நிலைப்புகளை வரிசை எண்ணிட்ட பாதையாகவோ வரைவது வழக்கம்.

பயன்கள்

தசைகள் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோயில் கண்ணசைவு பெரும்பாலும் கடைசிவரை எஞ்சுகிறது. திரை விசைப்பலகையில் ஓர் எழுத்தைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தால் அது பதிவாகும். பேசவும் எழுதவும் வேறு வழியில்லாதவருக்கு இது குரலையே மீட்டுத் தருகிறது. இந்த நுட்பத்தின் ஆகப்பெரிய பயன் இதுவே என்று சொல்லலாம். இதில் ஒரு சிக்கலும் உண்டு: சும்மா பார்ப்பதையும் கட்டளையாகப் பார்ப்பதையும் கருவி பிரித்தறிய வேண்டும். தொட்டதெல்லாம் பொன்னான மைதாஸ் அரசனின் பெயரால் ராபர்ட் ஜேக்கப் இச்சிக்கலை விவரித்தார்.

கிரிக்கெட்டில், பந்தைக் கடைசிவரை பார் என்பதே பயிற்சியாளர் வாக்கு. மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மட்டையாளர் பந்து புறப்படுவதைப் பார்த்ததும், அது குத்தி எழும்பப்போகும் இடத்துக்குப் பார்வையை முன்கூட்டியே தாவவிட்டு அங்கே காத்திருக்கிறார். திறமை மிக்கவர் அந்தத் தாவலை முந்திச் செய்கிறார்.

ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணெடுப்பதையும் கண்ணயர்வதையும் எச்சரிக்கும் கருவிகள் கார்களில் வருகின்றன. 2024இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ போன்ற தலையணிக் கருவிகளில் பார்வையே சுட்டியாக இயங்குகிறது. பார்வை படும் பகுதியை மட்டும் முழுத் தெளிவோடு வரைந்து கணக்கீட்டுச் சுமையைக் குறைக்கவும் முடிகிறது.

எல்லைகளும் தனியுரிமையும்

கண் ஓரிடத்தில் இருக்க, கவனம் இன்னோரிடத்தில் இருக்கலாம். பந்தை வைத்திருப்பவரைப் பார்த்தபடி ஓரக்கண்ணால் கூட்டாளியைக் கவனிக்கும் விளையாட்டு வீரர் இதற்கு உதாரணம். இதன் மறுபக்கத்தை 2013இல் டிராஃப்டன் ட்ரூவும் குழுவினரும் காட்டினர். நுரையீரல் சிடி படங்களில் புற்றுக் கட்டிகளைத் தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களுக்கு, படத்தின் ஒரு பகுதியில் கொரில்லா உருவம் சேர்த்துத் தரப்பட்டது. 20 பேர் அதைக் காணவில்லை. அந்த 20 பேரில் 12 பேரின் பார்வை அந்த உருவத்தின் மேலேயே நேராகப் பட்டிருந்தது என்று விழித்தடம் சொன்னது.

கருவி அளப்பது விழியின் திசையை. கண்டது என்ன, நினைத்தது என்ன என்பது அதிலிருந்து நாம் ஊகிப்பது. இணையவழித் தேர்வில் திரையை விட்டுக் கண் விலகுவதைக் காப்பியடித்தலின் அறிகுறியாகக் கொள்ளும் மென்பொருள்கள் வந்துவிட்ட காலத்தில், இந்த வேறுபாட்டை மறப்பது அநீதியில் முடியும். யோசிக்கும் மனிதர் கூரையைப் பார்ப்பது இயல்பு. மேலும், கையைக் கட்டுப்படுத்துவதுபோல எவரும் கண்ணைக் கட்டுப்படுத்த முடியாது. விநாடிக்குச் சுமார் மூன்று முறை அது தானாகவே தாவுகிறது. ஆகவே விழித்தடத் தரவைச் சேகரிக்கும் முன் உரியவரின் ஒப்புதலைப் பெறுவதும், பார்வைத் தரவைச் செயலிகளுக்குத் தராமல் கருவிக்குள்ளேயே வைத்துக்கொள்வதும் கட்டாயமாக வேண்டும். நாம் விரும்பித் தராத ஒன்றைக் கண் கணந்தோறும் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அதைக் காக்கும் கடமை அளப்பவருடையது.