முழுக்களத் தடுப்பாட்டம்: வலிமையான கல்லூரி அணிகளிடம் பலித்ததா?

முழுக்களத் தடுப்பாட்டம் என்பது கூடைப்பந்தில் எதிரணியைக் களத்தின் முழு நீளத்திலும் மறித்து ஆடும் முறை. ஆங்கிலத்தில் ஃபுல் கோர்ட் பிரஸ் என்பர்; விளையாட்டு வட்டாரத்தில் சுருக்கமாகப் பிரஸ். பொதுவாக ஓர் அணி கூடை போட்டதும் தன் பாதிக்குத் திரும்பி, எதிரணி பந்துடன் வரும்வரை காத்திருக்கும். முழுக்களத் தடுப்பில் அந்தக் காத்திருப்பு இல்லை. எதிரணி எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியும்போதே மறிப்பு தொடங்கிவிடும்.

வலிமை குறைந்த அணி இம்முறையால் வலிமையான அணியை வெல்ல முடியுமா என்ற கேள்விக்கு அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாறு விடை தருகிறது. இம்முறை வளர்ந்ததும் கடுமையாகச் சோதிக்கப்பட்டதும் அங்கேதான்.

விதியும் கணக்கும்

கூடைப்பந்தை ஜேம்ஸ் நேஸ்மித் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாக்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழகப் பள்ளிகளுக்கு இந்த ஆட்டம் பரவியதில் அக்கல்லூரியில் பயின்ற ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அமெரிக்கக் கல்லூரிக் களத்தின் நீளம் 94 அடி. பந்தை உள்ளே எறிய 5 விநாடி. ஆடவர் ஆட்டத்தில் நடுக்கோட்டைக் கடக்க 10 விநாடி. உலகப் போட்டிகளில் நடுக்கோட்டைக் கடக்க 8 விநாடிதான். இந்தக் காலக்கெடுகளே முழுக்களத் தடுப்பின் ஆயுதம். பந்து வைத்திருப்பவரை இருவர் சூழ்ந்து மூலையில் அடைத்தால், அவர் அவசரத்தில் தவறாக எறிவார், அல்லது நேரம் கடந்துவிடும்.

ஆனால் இருவர் ஒருவரைச் சூழும்போது, மீதி மூவர் எதிரணியின் நால்வரைக் காக்க வேண்டும். சூழப்பட்டவர் பதறாமல் களத்தின் நடுவில் நிற்கும் தோழருக்குப் பந்தைக் கொடுத்துவிட்டால், எதிரணிக்குக் கூடைவரை வழி திறந்துவிடும். சாலவாக்கம், உத்திரமேரூர் பகுதியில் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாடி வருபவரை முன்னேறிப் பிடித்தால் ஒரு புள்ளி. பிடி நழுவினால் தொட்ட அத்தனை பேரும் வெளியே. லாபமும் நட்டமும் சேர்ந்தே வரும்.

தோற்றம்

இம்முறையின் முன்னோடிகளுள் ஒருவர் ஜான் மெக்லெண்டன். அவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் நேஸ்மித்திடமே பயின்ற கறுப்பின மாணவர். நிறப் பாகுபாட்டினால் அப்பல்கலைக்கழக அணியில் ஆட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பின்னர் வட கரோலினாவின் டர்ஹாமில் இருந்த கறுப்பினத்தவர் கல்லூரி ஒன்றில் பயிற்சியாளராகி, களம் முழுவதும் ஓடி மறிக்கும் வேக ஆட்டத்தை வளர்த்தார்.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. அவருடைய அணி டியூக் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணியுடன் பூட்டிய கதவுகளுக்குள் ரகசியமாக ஆடியது. இரு இனத்தவரும் சேர்ந்து ஆடுவது அங்கே அன்று தடைசெய்யப்பட்டிருந்தது. மெக்லெண்டன் அணி 88–44 என்று வென்றது. பின்னர் டென்னசி மாநிலக் கல்லூரியில் அவர் 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று முறை என்.ஏ.ஐ.ஏ. தேசியப் பட்டம் வென்றார்.

1964: உயரத்தை வென்ற வேகம்

முழுக்களத் தடுப்பை நாடறியச் செய்தது ஜான் வுடன் பயிற்றுவித்த யூ.சி.எல்.ஏ. அணி. 1963–64 பருவத்தில் அதன் தொடக்க ஐவரில் ஒருவர்கூட 6 அடி 5 அங்குலத்தைத் தாண்டவில்லை. முன்னே இருவர், நடுவில் இருவர், பின்னே ஒருவர் என்ற 2-2-1 அமைப்பில் மறித்து ஆடினர். அன்று கல்லூரி ஆட்டத்தில் எறிவுக் கடிகாரம் இல்லை. எதிரணி விரும்பினால் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். அந்த வாய்ப்பை இத்தடுப்பு பறித்தது.

இறுதிப் போட்டியில் எதிரே நின்ற டியூக் அணியில் 6 அடி 10 அங்குல உயரமானவர்கள் இருவர் இருந்தனர். முதல் பாதியில் ஏறத்தாழ இரண்டரை நிமிடங்களில் யூ.சி.எல்.ஏ. தொடர்ந்து 16 புள்ளிகள் எடுத்தது. முடிவு 98–83. அந்தப் பருவத்தின் 30 ஆட்டங்களிலும் வெற்றி. இறுதிப் போட்டியில் மாற்று ஆட்டக்காரரான கென்னி வாஷிங்டன் 26 புள்ளிகள் எடுத்ததைக் கவனிக்க வேண்டும். அணி குட்டையானது, ஆனால் திறமையில் பலவீனமானது அல்ல. மாற்று இருக்கையிலும் ஆள்பலம் இருந்தது.

எளியவரின் ஆயுதம் என்ற கருத்து

1971 ஜனவரியில் ஃபோர்டாம் பல்கலைக்கழக அணி, பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஜூலியஸ் எர்விங் ஆடிய மாசசூசெட்ஸ் அணியை அதன் சொந்தக் களத்திலேயே 87–79 என்று வென்றது. ஆட்டம் முழுவதும் விடாது மறித்ததே காரணம். அன்று மாசசூசெட்ஸின் முதலாண்டு மாணவராக இருந்த ரிக் பிட்டினோ, பின்னர் இம்முறையின் தலைசிறந்த பயிற்சியாளர்களுள் ஒருவரானார். அவர் 1987-இல் பிராவிடன்ஸ் கல்லூரி அணியைத் தேசிய அரையிறுதிவரை கொண்டுசென்றார்.

மும்பையில் பிறந்து அமெரிக்காவில் மென்பொருள் தொழிலதிபரான விவேக் ரணதிவேயின் கதையும் இதனுடன் சேர்த்துப் பேசப்படுவது. கலிபோர்னியாவில் 12 வயதுச் சிறுமியர் அணிக்குப் பயிற்சியாளரான அவர், 94 அடிக் களத்தில் ஏறத்தாழ 70 அடியை எதிரணிக்குச் சும்மா விட்டுக்கொடுப்பது ஏன் என்று கேட்டார். அனுபவமற்ற அந்த அணி முழுக்களத் தடுப்பால் தேசியப் போட்டிவரை சென்றது. மால்கம் கிளாட்வெல் 2009-இல் நியூயார்க்கர் இதழில் இதை எழுதி, எளியவர் வலியவரை வெல்லும் வழி இதுவே என்று வாதிட்டார். ரணதிவே 2013-இல் சாக்ரமெண்டோ கிங்ஸ் என்ற தொழில்முறை அணியை வாங்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றார்.

சிறுமியர் ஆட்டத்தில் பந்தைப் பதற்றமின்றிக் கொண்டுசெல்லத் தெரிந்தவர்கள் குறைவு. முதல்தரக் கல்லூரி அணிகளில் அப்படியல்ல.

முதல்தர அணிகளிடம் சோதனை

நோலன் ரிச்சர்ட்சனின் ஆர்கன்சா அணி தன் ஆட்டத்தை 'நாற்பது நிமிட நரகம்' என்றே அழைத்துக்கொண்டது. 1994 இறுதிப் போட்டியில் டியூக்கை 76–72 என்று வென்றது. மறு ஆண்டு இறுதியில் யூ.சி.எல்.ஏ.விடம் 89–78 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் யூ.சி.எல்.ஏ.வின் முதன்மைப் பந்துநகர்த்தி டயஸ் எட்னி காயத்தால் தொடக்கத்திலேயே விலகினார். ஆயினும் மாற்றாக வந்த கேமரான் டாலர் தடுமாறவில்லை.

பிட்டினோவின் கென்டக்கி அணி 1996-இல் 34 வெற்றி, 2 தோல்வியுடன் பட்டம் வென்றது. பருவத் தொடக்கத்தில் தன்னை வென்ற மாசசூசெட்ஸை அரையிறுதியில் 81–74 என்று வீழ்த்தியது. அந்த அணியிலிருந்து பலர் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றனர். இது எளியவரின் அணி அன்று; நாட்டிலேயே வலிமையான அணி.

2012–13 பருவத்தில் பந்துப் பறிப்பில் முதலிடம் பெற்ற வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழக அணி, தேசியப் போட்டியில் மிச்சிகனிடம் 78–53 என்று தோற்றது. மிச்சிகனின் டிரே பர்க்கும் தோழர்களும் மறிப்பை எளிதாகக் கடந்தனர்.

மேற்கு வர்ஜீனியா அணியின் கதை இரு பக்கத்தையும் காட்டுகிறது. பாப் ஹக்கின்ஸ் 2014–15 பருவத்தில் முழுக்களத் தடுப்பைத் தன் அணியின் அடையாளமாக்கினார். 2016 ஜனவரியில் முதலிடத்தில் இருந்த கான்சாஸை 74–63 என்றும், 2017 ஜனவரியில் முதலிடத்தில் இருந்த பேய்லரை 89–68 என்றும் சொந்தக் களத்தில் வென்றது. பேய்லர் அன்று 29 முறை பந்தை இழந்தது. ஆனால் 2015 தேசியப் போட்டியில் அதே முறையில் ஆடி, அதுவரை தோல்வியே காணாத கென்டக்கியிடம் 78–39 என்று படுதோல்வி அடைந்தது. 2018-இல் வில்லனோவாவிடம் 90–78 என்று தோற்றது. வில்லனோவாவே அவ்வாண்டின் சாம்பியன்.

மதிப்பீடு

இவ்வெற்றி தோல்விகளை அடுக்கிப் பார்த்தால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன.

முதலாவது, முழுக்களத் தடுப்பு முதல்தர அணிகளிடமும் பலித்திருக்கிறது. ஆனால் பட்டம்வரை சென்றவை பெரும்பாலும் தாமே முதல்தரமான அணிகள். நாற்பது நிமிடம் ஓட எட்டு, ஒன்பது நல்ல ஆட்டக்காரர்கள் தேவை. ஐந்து தவறு செய்தவர் வெளியேற வேண்டும் என்ற விதி இருப்பதால் மாற்று ஆள் இல்லாத அணியால் இம்முறையைத் தாங்க முடியாது.

இரண்டாவது, எதிரணியின் பெயரோ உயரமோ முடிவைத் தீர்மானிப்பதில்லை. அதன் பந்துநகர்த்திகள் எத்தகையவர் என்பதே தீர்மானிக்கிறது. 1964 டியூக்கின் உயரம் அதற்குக் கைகொடுக்கவில்லை. 1995-இல் மாற்று ஆட்டக்காரர் ஒருவரின் நிதானமே யூ.சி.எல்.ஏ.வுக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாவது, எளிய அணிக்கு இது ஒரு நாள் வெற்றியைத் தரலாம். ஃபோர்டாம் அதற்குச் சான்று. தொடர் வெற்றிக்கு ஓட்டமும் ஒழுங்கும் பயிற்சியும் வேண்டும். ரணதிவே கேட்ட கேள்வி சரியானதே: 70 அடியைச் சும்மா விடத் தேவையில்லை. ஆனால் அந்த 70 அடியைக் காக்கும் உழைப்பு, வழக்கமான தடுப்பாட்டத்துக்கான உழைப்பைவிடப் பன்மடங்கு. அதைச் செலுத்த ஆயத்தமான அணிக்கே முழுக்களத் தடுப்பு பயன் தந்திருக்கிறது.