பொலிஸா? போக்கிரியா?

பாரிஸ் நகரில் வசிக்கும் எனது மருமகன் விடுமுறைக்காகக் கொழும்பு வந்திருந்தபோது, ஹெவ்லொக் டவுனிலுள்ள எமது வீட்டில் ஓரிரவு பழைய பிரெஞ்சுப் படமொன்றைப் போட்டுக் காட்டினான். 'ஃபிளிக் ஊ வுவாயூ' என்பது அதன் பெயர். 'ஃபிளிக்' என்பது பொலிஸ்காரரைக் குறிக்கும் தெருவழக்கு. 'வுவாயூ' என்றால் போக்கிரி. படம் பாதி ஓடுவதற்குள் அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்:

"மாமா, இது எங்கட விஜயின்ர போக்கிரி படமெல்லோ?"

அவன் விளையாட்டாகக் கேட்டாலும் கேள்வி பொருத்தமானதே. ஜோர்ஜ் லோட்னர் இயக்கிய அந்தப் பிரெஞ்சுப் படம் 1979 ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியானது. ஜோன் போல் பெல்மொண்டோவே அதன் நாயகன். நீஸ் நகரில் பொலிஸ் உயரதிகாரி ஒருவர் கொல்லப்படுகிறார். அவருடன் இறந்துபோன பெண்ணின் சகோதரன் எனச் சொல்லிக்கொண்டு முரடன் ஒருவன் அங்கு வந்து இறங்குகிறான். நகரத்துக் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிடுகிறான். உண்மையில் அவன் பொலிஸாரின் முறைகேடுகளை விசாரிக்கும் பிரிவைச் சேர்ந்த அதிகாரி. அடிதடியும் நகைச்சுவையும் கலந்த இப்படத்தைப் பிரான்சில் ஏறத்தாழ 39 இலட்சம் பேர் திரையரங்குகளில் பார்த்தனர்.

பிரபுதேவாவின் இயக்கத்தில் 2007 ஜனவரியில் பொங்கலை ஒட்டி வெளிவந்த 'போக்கிரி', முந்திய ஆண்டில் மகேஷ் பாபு நடித்த தெலுங்குப் படத்தின் மறுவாக்கம். கூலிக்கு அடியாளாக வேலை செய்யும் ஒருவன், இறுதிக் கட்டத்தில்தான் பொலிஸ் அதிகாரி என்று தெரியவருகிறான். அதுவரை அவனை ரவுடியென்றே நம்பி நாம் இரசிக்கிறோம். இடையிடையே வடிவேலு வந்து வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கிறார். இது தமிழுக்குப் புதியதுமன்று. 1985 இல் கமல்ஹாசன் நடித்த 'காக்கிச்சட்டை'யிலும், பொலிஸ் வேலைக்குத் தேர்வாகாத இளைஞனொருவன் குற்றவாளிகளின் கூட்டத்துக்குள் புகுந்து பொலிஸுக்காக வேலை செய்கிறான். பிரெஞ்சுக்காரரும் தெலுங்கரும் தமிழரும் ஒருவரையொருவர் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. இந்தக் கதைக்கு ஏன் எல்லா இடத்திலும் கைதட்டல் கிடைக்கிறது என்பதே எனது கேள்வி.

இதன் வேர் சினிமாவுக்கு முந்தியது. பிரான்சின் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கு வித்திட்டவர் யூஜின் பிரான்சுவா விடொக். 1775 இல் பிறந்த இவர், பலமுறை சிறைசென்று பலமுறை தப்பியோடிய குற்றவாளி. பின்னர் பொலிஸாருக்குத் தகவல் கொடுப்பவராகி, 1812 அளவில் பாரிஸில் அமைக்கப்பட்ட புலனாய்வுப் படையணிக்குத் தலைவரானார். அவருக்குக் கீழே வேலை செய்தவர்களுள்ளும் முன்னாள் குற்றவாளிகள் இருந்தனர். கள்வனைக் கள்வனே அறிவான் என்பது அவரது கொள்கை. 1828 இல் வெளிவரத் தொடங்கிய அவரது நினைவுக் குறிப்புகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. பல்சாக்கும் விக்டர் ஹியூகோவும் தமது பாத்திரங்களுக்கு அவரிடமிருந்து கடன் வாங்கினர். ஆகவே 'பொலிஸா, போக்கிரியா' என்ற கேள்வி பிரெஞ்சுப் பொலிஸின் பிறப்போடு கூடவே பிறந்தது எனலாம்.

தமிழகத்திலும் இதற்கு நிகரான வரலாறொன்று உண்டு. வெள்ளையரின் பொலிஸ் வருமுன்னர் தென்மாவட்டக் கிராமங்களில் காவல்முறை இருந்தது. காவற்காரருக்கு ஊரார் விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுப்பர். களவு நடந்தால் பொருளை மீட்டுத் தருவதோ இழப்பை ஈடுசெய்வதோ அவர் பொறுப்பு. பிரித்தானிய அதிகாரிகள் இம்முறையை மிரட்டிப் பணம் பறிக்கும் ஏற்பாடாகவே பார்த்தனர். காவற்காரர்களைத் தந்த சமூகங்களே பின்னர் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. அச்சட்டத்தின்படி கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 ஆம் திகதி பெருங்காமநல்லூரில் பொலிஸார் சுட்டதில் 16 பேர் உயிரிழந்தனர். நேற்றைய காவலன் இன்று குற்றவாளியானான். யார் காவலன், யார் கள்வன் என்று தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் இருக்கிறதோ, பட்டமும் அவர் கொடுப்பதுதான்.

காக்கியைக் கண்டு அஞ்சிப் பழகிய மக்களுக்குக் காக்கி அணிந்த நாயகனைப் பிடிக்கவைப்பது இலேசான காரியமன்று. அதற்குத்தான் இந்த மாறுவேடம். படத்தின் பெரும்பகுதியில் நாயகன் நம்மைப் போலவே சீருடையில்லாமல் திரிகிறான். பொலிஸாரை நக்கலடிக்கிறான். ஊழல் செய்யும் இன்ஸ்பெக்டரை எதிர்த்து நிற்கிறான். நாம் சொல்லத் துணியாததை அவன் சொல்கிறான். அவன்மீது நமக்கு முழு நம்பிக்கை வந்த பின்னரே காக்கியை அணிந்து காட்டுகிறான். அந்தக் கணத்தில் சீருடை நம் பக்கம் வந்துவிட்டதாக ஒரு மயக்கம் உண்டாகிறது. பெல்மொண்டோவின் வாழ்க்கையே இப்படித்தான் அமைந்தது. கோடார்டின் 1960 ஆம் ஆண்டுப் படத்தில் பொலிஸ்காரரைச் சுட்டுவிட்டு ஓடும் இளைஞனாக வந்து புகழ்பெற்றவர், 1970களில் தானே பொலிஸ் அதிகாரியாக வந்தார். உடைந்த மூக்கும் குறும்புச் சிரிப்புமாக, சாகசக் காட்சிகளிலும் தானே குதித்தார். 2021 செப்டெம்பர் 6 ஆம் திகதி தமது 88 ஆவது வயதில் அவர் காலமானபோது பிரான்ஸ் அரசு தேசிய மரியாதை செலுத்தியது.

இதுவரை சொன்னது திரையில் நடப்பது. இதே கேள்வியைத் தெருவில் கேட்க நேர்ந்த ஊர் எங்களுடையது.

பெல்மொண்டோ படம் வெளியான அதே 1979 இல், ஜூலை மாதம், இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தற்காலிகம் என்று கொண்டுவரப்பட்ட சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன்பின் கொழும்புத் தமிழருக்கு அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் உடம்பின் உறுப்புகள் போலாகின. 'போக்கிரி' வெளிவந்த 2007 இல் வெள்ளவத்தைக் கடைகளில் அதன் இறுவட்டுக்கள் தாராளமாக விற்பனையாகின. அவ்வாண்டு ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் கொழும்பின் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா நோக்கி அனுப்பப்பட்டனர். 376 பேர் என்று அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் பிரதமரே வருத்தம் தெரிவிக்கும் நிலை ஏற்பட்டது.

அந்த நாட்களில் இரவு நேரத்தில் கதவு தட்டப்பட்டால், வெளியில் நிற்பது சீருடையா சிவில் உடையா என்று யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்போம். சீருடை என்றால் பயம். சிவில் உடை என்றால் அதைவிடப் பெரிய பயம். 'வெள்ளை வான்' என்ற இரு சொற்களில் அந்தப் பயம் முழுவதும் அடங்கும். வந்தவர்கள் பொலிஸாரா, ஆயுதக் குழுவினரா, கப்பம் கேட்பவர்களா என்று தெரியாமலே பலர் தமது பிள்ளைகளை இழந்தனர். கொழும்பிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் 11 பேர் கடத்தப்பட்ட சம்பவம் தொடர்பில் கடற்படையினர் மீதே பின்னர் வழக்குத் தொடரப்பட்டது. திரையில் எங்களைக் குதூகலிக்கவைத்த அதே மாறுவேடம், தெருவில் எங்கள் உயிரைக் குடித்தது.

அப்படியிருந்தும் அந்தப் படங்களை நாங்கள் பார்த்தோம். முன்னிரவில் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு வந்த பையன்கள், வீட்டுக்கு வந்து விஜய் காக்கி அணியும் காட்சிக்கு விசிலடித்தார்கள். அன்று அது எனக்கு எரிச்சலாக இருந்தது. மானமில்லையா என்று ஒருமுறை கேட்டும்விட்டேன். "மாமா, படத்திலயெண்டாலும் ஆரெண்டு கடைசியில தெரியுதுதானே" என்றான் அவர்களில் ஒருவன். அவன்தான் இப்போது பாரிஸிலிருந்து வந்திருந்த மருமகன்.

நான் இத்தனை காலம் தேடிய விடை அந்த ஒரு வரியில் இருந்திருக்கிறது. வந்தவன் யார் என்ற கேள்விக்குத் திரைப்படம் இரண்டரை மணித்தியாலத்தில் பதில் சொல்லிவிடுகிறது. 2016 இல் சட்டமியற்றி ஏற்படுத்தப்பட்ட காணாமற்போனோர் அலுவலகத்தின் படியேறிய தாய்மார் பலருக்கு அந்தப் பதில் கிடைக்கவில்லை.

ஆனாலும் இந்த இரசனையை முற்றாக நியாயப்படுத்த என்னால் முடியாது. சிரிக்கவைக்கும் பொலிஸ்காரர் அடிக்கும்போது அந்த அடியும் நகைச்சுவையாகிவிடுகிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் பொலிஸ் காவலில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் உயிரிழந்தபோது, 'சிங்கம்' படங்களை எடுத்த இயக்குநர் ஹரி, பொலிஸாரைப் பெருமைப்படுத்திப் படமெடுத்தமைக்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். பெல்மொண்டோவின் அதிகாரியும் சட்டத்தை மதிப்பவரல்லர். ஆயினும் அவர் பொலிஸாரையே விசாரிக்கும் பிரிவிலிருந்து வருகிறார். பொலிஸைக் கேள்வி கேட்கவும் ஒருவர் வேண்டும் என்ற நினைப்பாவது அக்கதையில் இருக்கிறது. எங்கள் நாயகர்களைக் கேள்வி கேட்க எவரும் இல்லை. அவர்கள் காக்கியை அணிந்ததும் விசாரணை, தீர்ப்பு, தண்டனை மூன்றையும் தாமே நடத்தி முடித்துவிடுகிறார்கள்.

2024 ஜூனில் விஜயின் பிறந்தநாளை ஒட்டித் தமிழகத்தில் 'போக்கிரி' மீண்டும் திரையிடப்பட்டது. 2007 இல் பிறந்திராத பிள்ளைகளும் அதற்கு விசிலடித்திருப்பார்கள். அடிக்கட்டும். அவர்களுடைய கதவை இரவில் தட்டுபவர், அவர்கள் கேட்காமலே தமது பெயரையும் இலக்கத்தையும் சொல்லும் காலம் வந்தால், அந்த விசில் வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருக்கும்.

மருமகன் பாரிஸுக்குப் புறப்பட்ட இரவு, விமான நிலைய வாகனத்தின் சாரதி எங்கள் கதவைத் தட்டினார். பழக்கதோஷத்தில் நான் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். பின்னால் நின்ற மருமகனும் எனது தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.