முற்றுப்பெறாத எழுத்துகள்: மஷ்க் தாள்களின் வரலாறு

அறபு எழுத்தணிக் கலையைப் பற்றி நம்மவர் எழுதும்போது பள்ளிவாசல் குவிமாடங்களையும், பொன் தீட்டிய அல்குர்ஆன் பிரதிகளையும், சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய பலகைகளையுமே எடுத்துக்காட்டுவது வழக்கம். அவை யாவும் முடிந்த வேலைகள். அவற்றின் பின்னால், கோணலும் திருத்தமுமாக, ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போய்வந்த எண்ணற்ற பயிற்சித் தாள்கள் இருக்கின்றன. அத்தாள்களுக்கு 'மஷ்க்' என்று பெயர். இக்கலையின் வரலாற்றை முடிந்த வேலைகளிலிருந்து பார்ப்பதை விடுத்து, இந்த முடியாத வேலைகளிலிருந்து பார்த்தால் என்ன தெரிகின்றது என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'மஷ்க்' என்ற சொல் பார்த்து எழுதும் மாதிரியையும், எழுதிப் பழகும் பயிற்சியையும், அவ்வாறு எழுதிய தாளையும் ஒருங்கே குறிக்கும். உஸ்மானியத் துருக்கியில் இசை பயில்வதற்கும் இதே சொல்லே வழங்கியது. ஆசிரியர் முன் அமர்ந்து, கேட்டதைப் பாடிக்காட்டித் திருத்தம் பெறுவதும் மஷ்க்தான். ஆகவே, செய்துகொண்டிருக்கும் ஒன்றை இன்னொருவருக்குக் காட்டுதல் என்ற பொருள் இச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது எனலாம்.

பொதுவான ஓர் அளவு

ஓர் எழுத்தைப் பார்த்து நன்று, நன்றன்று என்று சொல்வது எளிது. எவ்விடத்தில் பிழைத்தது என்று சொல்வதுதான் கடினம். அதற்கு எழுதியவருக்கும் பார்ப்பவருக்கும் பொதுவான அளவொன்று வேண்டும். அந்த அளவை வகுத்த பெருமை பக்தாதைச் சேர்ந்த இப்னு முக்லாவுக்கு (கி.பி. 886-940) உரியதாகச் சொல்லப்படுகின்றது. அவர் அப்பாஸிய கலீபாக்கள் மூவரிடம் அமைச்சராக இருந்தவர். அரசியற் சூழ்ச்சியில் சிக்கி, வலக்கை துண்டிக்கப்பட்டு, சிறையிலேயே மாண்டவர்.

நாணற் கலத்தின் நுனியைத் தாளில் சாய்த்து இழுத்தால் சாய்சதுரமான ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியே அளவு. துலுத் வகை எழுத்தில் அலிஃபின் உயரம் பொதுவாக ஏழு புள்ளி. ஏனைய எழுத்துகளின் வளைவும் வயிறும் வாலும் இவ்வாறே புள்ளிக் கணக்கில் அமையும். கலத்தின் நுனி அகன்றால் புள்ளியும் பெருக்கும், எழுத்தும் பெருக்கும், விகிதம் மாறாது.

இந்தச் சிறு புள்ளியின் பயன் பெரிது. 'உமது வாவ் அழகில்லை' என்று சொல்ல வேண்டியதில்லை. 'தலையில் அரைப் புள்ளி குறைகின்றது' என்றால் போதும். குறை எழுத்தைச் சேருமேயன்றி எழுதியவரைச் சேராது. அமைச்சரின் எழுத்துக்கும் ஏழை மாணவனின் எழுத்துக்கும் ஒரே புள்ளிதான் அளவு. இப்னு முக்லாவுக்குப் பின்வந்த பெருங் கலைஞரான இப்னுல் பவ்வாப், வீடுகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலில் இருந்தவர் என்பர். 'வாயிற்காவலரின் மகன்' என்பதே அவர் பெயரின் பொருள். ஹிஜ்ரி 391இல் அவர் எழுதி முடித்த அல்குர்ஆன் பிரதி இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீற்றி நூலகத்தில் இருக்கின்றது.

மங்கோலியர் 1258இல் பக்தாதைச் சூறையாடியபோது யாகூத் அல் முஸ்தஃஸிமி ஒரு மினாராவில் ஏறி ஒளிந்துகொண்டார் என்றும், தாள் இல்லாமையால் ஒரு துணித்துண்டில் அன்றைய மஷ்க்கை எழுதினார் என்றும் ஒரு கதை உண்டு. அது நடந்ததோ இல்லையோ, எழுத்தணியாளர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. நகரம் எரியும்போதும் பயிற்சி நிற்கக்கூடாது என்று அவர்கள் கருதினர்.

திருத்தம் நடந்த முறை

தாளைத் தயாரிப்பதே ஒரு வேலை. மாப்பசையோ, படிகாரம் கலந்து அடித்த முட்டை வெள்ளைக்கருவோ பூசி, உலர்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். விளக்குப் புகைக்கரியும் வேலம்பிசினும் கலந்த மை, அத்தகைய தாளுக்குள் ஊறாது, மேலேயே நிற்கும். பிழைத்தால் ஈரவிரலாலோ நாவாலோ துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். துருக்கி மொழியில் படித்தவரை 'மை நக்கியவர்' என்பது இதனால்தான். கல்விக்கு அடையாளமாக அம்மக்கள் கண்டது பிழையையும், அதை அழித்த நாவையும்.

முதற் பாடம் ஒரு துஆ. காரியத்தை இலேசாக்கித் தருமாறும், நலமாக நிறைவேற்றித் தருமாறும் இறைவனிடம் கேட்கும் சிறு வாக்கியம். அந்த ஒரு வரியிலேயே மாதக்கணக்கில் நின்றவர் உண்டு. அதன்பின் தனி எழுத்துகள், பிறகு இரண்டிரண்டாகச் சேர்ந்த எழுத்துகள், கடைசியில் முழு வரிகள். வாரத்துக்கு ஒருமுறை மாணவர் தம் தாளை எடுத்துச் செல்வார். ஆசிரியர் பிழைத்த எழுத்தின் கீழே சரியான வடிவத்தைத் தம் கையால் எழுதுவார். பக்கத்தில் புள்ளிகளை இட்டு அளவைக் காட்டுவார். அங்கே கூடியிருக்கும் மற்றவர்களும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பர். ஒருவரின் பிழை எல்லோருக்கும் பாடமாகும்.

இவ்வாறு சில ஆண்டுகள் சென்றபின் கிடைப்பது இஜாஸா. அதில் ஒரு நுட்பம் உண்டு. இஜாஸா பெறும்வரை ஒருவர் தம் எழுத்தின் கீழே 'கதபஹு', அதாவது 'இதை எழுதியவர்' என்று குறிப்பிட்டுப் பெயரிட முடியாது. எழுத்தைக் காட்டுவதற்குத் தடையில்லை. பெயரைக் காட்டுவதற்கே அனுமதி வேண்டியிருந்தது.

கூடியவர்கள் யார்?

இஸ்தான்பூலின் ஹாபிஸ் உஸ்மான் (1642-1698) வறியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வசதியுள்ளவர்களுக்குப் புதன்கிழமையும் பாடம் நடத்தினார் என்பர். பாடத்துக்கு வரமுடியாத ஒரு மாணவர் வழியில் எதிர்ப்பட்டபோது, குதிரையிலிருந்து இறங்கித் தெருவோரத்தில் அமர்ந்து அவருடைய தாளைத் திருத்தினார் என்றும் சொல்வர். இதே ஹாபிஸ் உஸ்மானுக்குச் சுல்தான் இரண்டாம் முஸ்தபா மைக்கூட்டைத் தாங்கிப் பிடித்திருந்தார் என்ற செய்தியும் வழங்குகின்றது.

எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் அக்கூட்டத்தில் ஒரு பகுதியினரே. சுல்தான் மூன்றாம் அஹ்மத், இரண்டாம் மஹ்மூத், அப்துல் மஜீத் ஆகியோர் ஆட்சிப் பணிக்கிடையே மஷ்க் எழுதித் திருத்தம் பெற்றவர்கள். அயா சோபியாவின் மாபெரும் வட்டப் பலகைகளை எழுதிய முஸ்தபா இஸ்ஸத் (1801-1876) இமாமாகவும் நாணற் குழல் வாசிப்பவராகவும் விளங்கியவர். பெண்களும் இருந்தார்கள். அஸ்மா இப்ரத் என்ற பெண், நபிகளார் (ஸல்) அவர்களின் தோற்றத்தையும் பண்பையும் வருணிக்கும் ஹில்யா ஒன்றை 1795இல் எழுதி முடித்தபோது அவருக்கு வயது பதினைந்து.

அழுக்கான தாள்களின் அழகு

பயிற்சித் தாளில் வெற்றிடம் தீர்ந்தால் அதைத் திருப்பி, தலைகீழாகவும் குறுக்காகவும் எழுதுவார்கள். எழுத்தின்மேல் எழுத்து ஏறித் தாள் கறுத்துவிடும். துருக்கியர் இதைக் 'கரலமா' என்றனர். பாரசீகத்தார் 'சியாஹ் மஷ்க்' என்றனர். இரண்டிலும் கறுப்பு என்ற பொருள் இருக்கின்றது. இத்தாள்களை எவரும் எறியவில்லை. அன்பர்கள் கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். ஓரத்தில் பொன்வேலை செய்து ஏடுகளில் ஒட்டிவைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரசீகத்திலே, காஜார் மன்னர் காலத்தில், சியாஹ் மஷ்க் தனியொரு கலைவடிவமாகவே வளர்ந்துவிட்டது. மிர்ஸா குலாம் ரிஸா இஸ்பஹானி இதில் பெயர்பெற்றவர்.

முடிந்த வேலை கலைஞரின் வெற்றியை மட்டுமே காட்டுகின்றது. கறுத்த தாளோ அவர் எவ்விடத்தில் தயங்கினார், எந்த எழுத்துக்காக இருபது முறை திரும்பினார் என்பதையும் காட்டுகின்றது. சக அன்பருக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான்.

1928க்குப் பின்

இக்கலைக்குப் பெருஞ் சோதனை 1928 நவம்பர் 1இல் வந்தது. அன்று துருக்கியில் இலத்தீன் எழுத்து சட்டமாயிற்று. அடுத்த ஆண்டு தொடக்கத்துடன் அறபெழுத்தில் நூல் அச்சிடுவதும் நின்றது. எழுத்தையே நம்பியிருந்தவர்களின் பிழைப்பு ஒரு கையெழுத்தில் போயிற்று. 1936இல் இஸ்தான்பூல் நுண்கலைக் கழகத்தில் மரபுக் கலைகளுக்கென ஒரு பிரிவு தொடங்கியது ஆறுதலே. ஆனால் வெளியிலே வாங்குவோரும் இல்லை, வாசிப்போரும் குறைந்துகொண்டே வந்தனர்.

அப்படியிருந்தும் கலை சாகவில்லை. அதைக் காத்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் அவர்களிற் பெரும்பாலோர் வேறு வேலையில் இருந்தவர்கள் என்பது தெரியும். நஜ்முத்தீன் ஒக்யாய் (1883-1976) இமாம்; ரோஜா வளர்த்தவர்; வில்வித்தை பயின்றவர்; தாளில் வண்ண அலைகளை ஏற்றும் எப்ரு கலையிலும் வல்லவர். அவரிடம் எப்ரு பயின்ற முஸ்தபா துஸ்குன்மான் (1920-1990), உஸ்குதாரில் மூலிகைச் சரக்குக்கடை நடத்தியவர். எழுத்தணி வரலாற்றைப் பின்னாளில் எழுதிய உகுர் தெர்மான் மருந்தாளராகப் படித்தவர். 1937இல் பிறந்த ஹஸன் செலெபி முஅத்தினாகவும் இமாமாகவும் கடமையாற்றியவர். அவருடைய ஆசிரியரான ஹாமித் ஐத்தாச் (1891-1982) விலாச அட்டைகளும் சிட்டைகளும் முத்திரைகளும் செய்யும் ஒரு சிறு அச்சுத்தொழிலால் வாழ்ந்தார். அவரிடம் தம் எழுத்தைக் காட்டி அங்கீகாரம் பெற பக்தாதிலிருந்து வந்த ஹாஷிம் முஹம்மத் (1917-1973), அந்நகரின் நிலஅளவைத் திணைக்களத்தில் உத்தியோகத்தர். ஹாஷிமின் மாதிரி எழுத்து நூல் 1961இல் வெளிவந்து, இன்றும் பல நாடுகளில் பயில்வோரின் கையில் இருக்கின்றது.

சம்பளம் தராத, சட்டம் ஆதரிக்காத ஒரு கலையை இவர்கள் எவ்வாறு கொண்டுசென்றார்கள்? வேலை முடிந்தபின் ஒரு வீட்டிலோ கடையிலோ கூடினார்கள். அரைகுறையான தாளை விரித்தார்கள். அரைப் புள்ளி குறைகின்றது என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். அரசாங்கம் இல்லாமலும் கலை வாழும், சந்தை இல்லாமலும் சில காலம் வாழும், பார்த்துச் சொல்லும் ஒருவர் இல்லாமல் வாழாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தத் திருத்தம் கடல்கடந்தும் சென்றது. 1942இல் கலிபோர்னியாவில் பிறந்து, இயந்திரத் தொழிலாளியாக இருந்து, இஸ்லாத்தைத் தழுவிய முஹம்மத் ஸகரிய்யா என்பவர் 1984இல் இஸ்தான்பூலின் இஸ்லாமிய வரலாறு, கலை, பண்பாட்டு ஆய்வு மையத்தோடு தொடர்புகொண்டார். தம் மஷ்க் தாள்களைத் தபாலில் அனுப்பினார். ஹஸன் செலெபி திருத்தி அனுப்பினார். 1988இல் ஸகரிய்யாவுக்கு இஜாஸா கிடைத்தது. 2001 செப்டெம்பரில் அமெரிக்கத் தபால் திணைக்களம் வெளியிட்ட பெருநாள் வாழ்த்து முத்திரையின் எழுத்து அவருடையதே. அதே ஆய்வு மையம் 1986இல் ஹாமித் ஐத்தாச்சின் பெயரால் முதலாவது சர்வதேச எழுத்தணிப் போட்டியை நடத்தியது. 2021இல் யுனெஸ்கோ துருக்கியின் எழுத்தணியையும் அறபு நாடுகள் பதினாறின் எழுத்தணியையும் மனிதகுலத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது.

நமக்குரிய பாடம்

நமது பழைய குர்ஆன் பள்ளிக்கூடங்களில் பலகையில் எழுதி ஓதி, பாடம் மனனமானதும் கழுவிவிட்டு அடுத்ததை எழுதிய காலம் ஒன்றிருந்தது. கிழக்கிலே பன்பாய் இழைத்த நமது தாய்மார், பாதி இழைத்த பாயைத் திண்ணையில் விரித்து, ஓரம் கோணுகின்றதா என்று அயல்வீட்டுப் பெண்ணைக் கேட்டே மேலே இழைத்தார்கள். ஆகவே மஷ்க் என்ற பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம். அதன் நடைமுறை புதிதன்று.

இன்று வகுப்பறையில் காண்பது வேறு. உறுப்பெழுத்துக் கொப்பியைத் திருத்தச் சென்றால் பிள்ளை உள்ளங்கையால் பக்கத்தை மறைக்கின்றது. சித்திரம் வரையும் பிள்ளை முடியட்டும் சேர் என்கின்றது. சிவப்பு மை என்றால் புள்ளி குறைப்பது என்றே அதற்குத் தெரியும். அளவைக் காட்டுவது என்று நாம் தெரியப்படுத்தவில்லை.

பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. நமது இலக்கிய வட்டாரங்களில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குக் குறைவில்லை. முதற் பிரதி பெறப் புரவலர் உண்டு, பொன்னாடை உண்டு, வாழ்த்துரைகள் உண்டு. அந்த மேடையில் குறை சொல்பவர் பண்பற்றவராகிறார், ஏனெனில் நூல் அச்சாகிவிட்டது. குறையைக் கேட்டுப் பயன்பெறக்கூடிய காலம், கவிதை கொப்பியில் இருந்த காலம். அப்போது அதைக் காட்ட நாம் வெட்கப்பட்டோம். கேட்கவும் எவரும் கூடவில்லை. கதபஹு என்று பெயரிடுவதில் நமக்குள்ள அவசரம், மஷ்க்கை விரிப்பதில் இல்லை.

இளம் எழுத்தாளர் நால்வர், ஓவியம் பழகும் ஒருவர், தையற்பூ வேலை செய்யும் சகோதரி ஒருவர் என மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாசிகசாலை விறாந்தையில் கூடலாம். முடிந்த வேலைக்கு அங்கே இடமில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். பாராட்டுக்கும் பழிப்பும் இல்லாமல், எந்த வரியில் எவ்வளவு குறைகின்றது என்று மட்டும் பேசலாம். இதற்கு மண்டபமோ ஒலிபெருக்கியோ புரவலரோ தேவையில்லை. ஒரு சட்டமே எதிராக நின்ற நாட்டில் முஅத்தினும் சரக்குக்கடைக்காரரும் மருந்தாளரும் ஒரு கலையைக் காத்தது இவ்வளவைக் கொண்டுதான்.